நிலத்துக்கும் தேதி உண்டு: போர்க்கால விமானச் சிமுலேட்டர்களில் நிலக்காட்சியும் மிஷனும்

1943 மே 16ஆம் தேதி இரவு ஜெர்மனியின் ரூர் பகுதி அணைகளைத் தாக்கக் கிளம்பிய பிரிட்டிஷ் விமானிகளுக்கு, அதுவரை கண்ணால் கண்டிராத ஓர் இடம் ஏற்கெனவே பழக்கமாகியிருந்தது. மோனே அணையும் அதன் இரு கோபுரங்களும், சுற்றியிருந்த மலைச்சரிவும் நீர்ப்பரப்பும் ஒரு மேசை மாதிரியாக அவர்கள் முன் வைக்கப்பட்டிருந்தன. அதைச் செய்தவர்கள் மெட்மென்ஹாம் தளத்தில், வான்படங்களைப் படித்து நிலமாதிரி செய்யும் பிரிவில் வேலை பார்த்தவர்கள். அந்த மாதிரி இன்றும் பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

இன்று வீட்டுக் கணினியில் ஓடும் போர்க்கால விமானச் சிமுலேட்டர்களுக்கு நிலக்காட்சி உருவாக்குபவர்களும் மிஷன் எழுதுபவர்களும் செய்வது ஏறக்குறைய இதே வேலைதான், காலம் மட்டும் தலைகீழ். அன்று நடக்கவிருந்த தாக்குதலுக்காக நிலத்தைச் செய்தார்கள். இன்று நடந்து முடிந்த தாக்குதலுக்காகச் செய்கிறார்கள். இரண்டிலும் ஒரே கேள்வி எழுகிறது. இப்படிச் செய்யப்படும் நிலம் எவ்வளவு உண்மையாக இருக்க வேண்டும்? எதற்கு உண்மையாக இருக்க வேண்டும்: நிலத்தின் அளவுக்கா, விமானியின் கண்ணுக்கா, அன்றைய நிகழ்ச்சிக்கா?

இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக விடைகள் சேர்ந்துவருகின்றன. அவற்றில் முக்கியமான நிலைப்பாடுகளையும், அவை பிறந்த சூழலையும், ஒவ்வொன்றும் எங்கே தடுமாறுகிறது என்பதையும் இக்கட்டுரை வரிசைப்படுத்திப் பார்க்கிறது. நிலக்காட்சியை ஒரு துறையாகவும் மிஷனை வேறொரு துறையாகவும் பிரித்துப் பேசுவதே வழக்கம். அந்தப் பிரிவினைதான் பல குழப்பங்களுக்கு வேர் என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

கேள்வியின் வயது

முதல் விடை, நிலமே தேவையில்லை என்பது. அமெரிக்காவின் பிங்ஹாம்டனில் எட்வின் லிங்க் 1929இல் உருவாக்கிய பயிற்சிப் பெட்டி, மூடியை இறக்கிவிட்டால் வெளியே எதுவும் தெரியாதபடி அமைந்தது. மேகத்துக்குள்ளும் இருளிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கக் கற்றுத்தருவதே அதன் வேலை என்பதால், நிலம் தெரியாமலிருப்பதே அங்கே பாடமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் விமானிகளில் மிகப் பலர் அதில் அமர்ந்து பழகியவர்கள்.

அதே போரில் எதிர்த்திசையில் ஒரு விடை உருவானது. அமெரிக்க இராணுவ விமானப்படைக்காக உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன், விமானிகளுக்குத் தூரமும் உயரமும் எப்படிப் புலப்படுகின்றன என்று ஆராய்ந்தார். இரண்டு கண்களின் கோண வேறுபாடு போன்ற பழைய விளக்கங்கள், தரையிறங்கும் விமானிக்குப் போதவில்லை. தரையின் பரப்பு, அதன் மேலுள்ள புல்லும் உழவுச் சாலும் மரமும், விமானம் முன்னேற முன்னேற விரிந்து பின்னோக்கி ஓடும் விதமே விமானிக்கு வழிகாட்டுகிறது என்ற முடிவை நோக்கி அவர் நகர்ந்தார். 1950இல் வெளியான காட்சி உலகம் பற்றிய அவருடைய நூல் இந்தக் கருத்தை விரித்துச் சொன்னது. சிமுலேட்டரில் தரையை ஏன் வெறும் பச்சைப் பரப்பாக விடக் கூடாது என்பதற்கு இதைவிட உறுதியான அடிப்படை இன்றும் கிடைப்பது அரிது.

போருக்குப் பிந்தைய பயிற்சிச் சிமுலேட்டர்களில், பெரிய நிலமாதிரிப் பலகையின் மேல் நகரும் கேமரா விமானியின் கண்ணாக வேலை செய்தது. மெட்மென்ஹாம் மேசை மாதிரியின் நேரடி வாரிசு என்று அதைச் சொல்லலாம். அதன் பிறகு கணினி வரையும் காட்சி வந்தது. 1979–80இல் ஆப்பிள்-2 கணினிக்காக புரூஸ் ஆர்ட்விக் எழுதிய ஃப்ளைட் சிமுலேட்டரில் நிலம் சில கோடுகளின் கட்டம் மட்டுமே. ஆனாலும் அதற்குள் முதல் உலகப் போர் வான்சண்டை ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. வீட்டுக் கணினிச் சிமுலேட்டர் பிறந்தபோதே போரும் கூடப் பிறந்தது.

1984இல் விளையாட்டு வடிவமைப்பு பற்றி நூல் எழுதிய கிறிஸ் கிராஃபோர்ட், சிமுலேஷனைப் பொறியாளர் வரைபடத்துக்கும் விளையாட்டை ஓவியத்துக்கும் ஒப்பிட்டார். முதலாவது விவரத்தைக் காக்கிறது, இரண்டாவது வேண்டுமென்றே விவரத்தை விடுகிறது என்பது அவர் கருத்து. போர்க்கால விமானச் சிமுலேட்டர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதால், பின்வந்த நிலைப்பாடுகள் எல்லாம் எந்தப் பக்கம் சாய்வது என்ற விவாதமாகவே அமைந்தன.

முதல் நிலைப்பாடு: அளவு தவறாத நிலம்

மலை இருந்த இடத்தில் அதே உயரத்தில் மலை, ஆறு வளைந்த இடத்தில் அதே வளைவு. நிலத்தின் வடிவம் சரியாக இருந்தால் மற்றவை தாமாகச் சரியாகும் என்பது இந்தத் தரப்பின் நம்பிக்கை. இதற்கு வலுச் சேர்த்தது 2000 பிப்ரவரியில் எண்டேவர் விண்கலம் ரேடார் கொண்டு எடுத்த உயரத் தரவு. வட அட்சம் 60 பாகைக்கும் தென் அட்சம் 56 பாகைக்கும் இடைப்பட்ட நிலத்தை, அதாவது உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை, 11 நாளில் அது அளந்தது. முன்பு இராணுவ வரைபடத்தின் சம உயரக் கோடுகளைக் கையால் பிரதியெடுத்தவர்களுக்கு இது பெரிய வரம்.

இந்த வாதத்துக்கு உண்மையான பலம் உண்டு. மோனேயைத் தாக்கிய அதே இரவில் உடைக்கப்பட்ட ஏடர் அணையை எடுத்துக்கொள்வோம். அங்கே பீரங்கிக் காவல் இல்லை, நிலமே எதிரியாக இருந்தது. வால்டெக் கோட்டை நின்ற உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கி, குறுகிய பள்ளத்தாக்கில் திரும்பி, நீருக்கு மேல் 60 அடியில் விமானத்தை நிலைப்படுத்தி, குண்டை விட்டவுடன் எதிர்மலையைத் தாண்ட ஏற வேண்டும். முதலில் முயன்றவர்கள் பலமுறை சுற்றிவர வேண்டியிருந்தது. சிமுலேட்டரில் அந்த மலை ஐம்பது மீட்டர் தாழ்ந்துவிட்டால் ஏடர் தாக்குதல் சாதாரணப் பயிற்சிப் பறப்பாகிவிடும். மோனேயில் சிலர் பயன்படுத்திய குறிபார்க்கும் கருவி ஒரு மர முக்கோணம். அதில் அடித்த இரண்டு ஆணிகளும் அணையின் இரு கோபுரங்களோடு நேர்ப்படும்போது குண்டை விட வேண்டும். கோபுரங்களின் இடைவெளி தவறினால் அந்தக் கருவியே பொய்யாகும்.

ஆனால் இந்த நிலைப்பாட்டின் பெரிய பலவீனம், இன்றைய தரவு இன்றைய நிலத்தைச் சொல்கிறது என்பதே. ஸ்டாலின்கிராட் போரை உருவாக்குபவர் 2000ஆம் ஆண்டின் உயரத் தரவை அப்படியே எடுத்தால், டான் ஆற்றில் 1952இல் நிரம்பத் தொடங்கிய சிம்லியான்ஸ்க் நீர்த்தேக்கம் 1942இன் போர்க்களத்தில் கடல்போல விரிந்து கிடக்கும். அதே 1952இல் திறந்த வோல்கா–டான் கால்வாயும் கூட வரும். குபான் போர்க்களத்தில் 1970களின் கிராஸ்னோதார் நீர்த்தேக்கம் குறுக்கே வரும். நெதர்லாந்தில் நிலைமை நேர்மாறானது. கிழக்கு ஃப்ளேவோலாந்து 1957இலும் தெற்கு ஃப்ளேவோலாந்து 1968இலும்தான் தண்ணீரிலிருந்து மீட்கப்பட்டன. 1944இல் அதன் மேல் பறந்தவருக்குக் கீழே தெரிந்தது ஏரிநீர் மட்டுமே. ரைன் பகுதியில் 1978இல் தோண்டத் தொடங்கிய ஹம்பாக் நிலக்கரிச் சுரங்கத்தின் பள்ளத்தைத் தூர்த்து, மேலே பழைய காட்டை நட்டாக வேண்டும்.

நீர்த்தேக்கத்தை அழிப்பது வண்ணம் மாற்றும் வேலையோடு முடிவதில்லை. ரேடாருக்குத் தெரிந்தது நீரின் மேற்பரப்பு, அடியில் மூழ்கிய பள்ளத்தாக்கு அல்ல. அதை மீட்க அணை கட்டுவதற்கு முந்தைய சோவியத் அல்லது ஜெர்மன் இராணுவ வரைபடங்களைத் தேடி, சம உயரக் கோடுகளைப் பிரதியெடுத்து, இரண்டு தரவுகளின் விளிம்பும் பொருந்தும்படி ஒட்ட வேண்டும். புதுக்கருவியின் நடுவே பழைய கைவேலை திரும்பி வருகிறது.

நிலத்தின் தேதி

இங்கேதான் அடிக்கடி தவறவிடப்படும் ஒரு கூறு வெளிப்படுகிறது. நிலத்துக்கு ஆண்டு மட்டும் போதாது, தேதியும் வேண்டும். "1944 நார்மண்டி" என்ற ஒரே வரைபடம் எந்த நாளின் நார்மண்டி?

ஜூன் 5ஆம் தேதி அங்கே நேச நாடுகளின் விமானத் தளம் ஒன்றுகூட இல்லை. கரையிறங்கிய சில நாட்களிலேயே பொறியாளர்கள் வயல்களைச் சமன் செய்து ஓடுபாதை போட்டார்கள். சேன்ட் க்ருவா சுர் மேர் ஊரில் அமைந்த பி-3 தளம் ஜூன் 10ஆம் தேதிக்குள் விமானங்களை ஏற்றுக்கொண்டது. ஆக அந்த ஓடுபாதைகளோடு கூடிய வரைபடத்தில், கரையிறங்கிய நாளான டி-டேயின் காலையில் பறப்பவர், எதிரி நிலத்தில் தம்முடைய தளங்கள் முன்கூட்டியே காத்திருப்பதைப் பார்ப்பார். ஓமாஹா கடற்கரையின் செயற்கைத் துறைமுகம் ஜூன் 19ஆம் தேதி தொடங்கிய புயலில் சிதைந்தது. அதற்குச் சற்று முந்தைய மிஷனுக்கு அது வேண்டும், பிந்தையதற்கு வேண்டாம். கான் நகரம் ஜூன் 6க்கு முன் முழு நகரம், ஜூலை நடுவில் பெரும் இடிபாடு. அணைத் தாக்குதலுக்கு மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு நீர்மட்டம் அப்போது உச்சத்தில் இருக்கும் என்பது ஒரு காரணம். எனவே மோனேயின் நீர்மட்டமும் ஒரு தேதிதான்.

பெரும்பாலான சிமுலேட்டர்கள் ஒரு வரைபடத்துக்குக் கோடை, குளிர்காலம் என்ற பருவ வேறுபாட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. அதற்கு மேல் போக நினைவகமும் உழைப்பும் இடம்தருவதில்லை. தேதியைத் திருத்தும் பொறுப்பு மிஷன் எழுதுபவரின் தலையில் விழுகிறது: தளத்தை மறைப்பது, இடிபாட்டை வைப்பது, கப்பலை நீக்குவது. ஆக, நிலக்காட்சியின் உண்மையில் ஒரு பகுதி மிஷன் கோப்புக்குள்தான் இருக்கிறது.

இரண்டாம் நிலைப்பாடு: விமானி கண்ட நிலம்

இந்தத் தரப்பு அளவைவிடக் காட்சிக்கு முதலிடம் தருகிறது. மணிக்கு இருநூறு மைல் வேகத்தில் போகிற விமானிக்கு ஒவ்வொரு வீடும் தேவையில்லை; ரயில் பாதை எந்தப் பாலத்தில் ஆற்றைக் கடக்கிறது, காடு எந்த வடிவில் முடிகிறது, எந்தத் தேவாலயக் கூரை உயர்ந்து நிற்கிறது என்பவை போதும். அவர் மடியிலிருந்த வரைபடமும் அவற்றைத்தான் காட்டியது. கிப்சனின் ஆய்வு இவர்களுக்கு அறிவியல் துணை. தாழப் பறக்கும்போது மரங்களின் செறிவும் தரையின் சொரசொரப்பும் உயரத்தைச் சொல்கின்றன, எந்த மரம் எந்த வயலில் நின்றது என்பது அந்த வேலைக்குத் தேவையில்லை.

இந்த அணுகுமுறையைப் பரவலாக்கியவற்றுள் முக்கியமானது, ஒலெக் மேடாக்ஸ் தலைமையில் மாஸ்கோவில் உருவாகி 2001இல் வெளிவந்த ஐஎல்-2 ஸ்டுர்மோவிக் சிமுலேட்டர். வயல், காடு, புல்வெளி என்ற சில ஓவியச் சதுரங்கள் திரும்பத் திரும்ப நிலத்தில் பதிக்கப்படும். அவற்றின் மேல் ஆறு, சாலை, ரயில் பாதை இழுக்கப்படும். ஊர்கள் தயார்நிலைக் கட்டடங்களால் நிரப்பப்படும். முழுமையான மிஷன் எழுதும் கருவியும் சேர்ந்தே வந்ததால், பயனர்களே பல்லாயிரம் பொருள்களை இடம்பார்த்து வைத்தார்கள்.

இதன் பலவீனமும் வெளிப்படையானது. யாருடைய கண்ணுக்கு ஏற்ற நிலம்? பத்தாயிரம் அடியில் குண்டுவீச்சாளர் கண்டதும், மரத்தின் உச்சியை உரசிப் பறந்த சோவியத் ஐஎல்-2 தாக்குதல் விமானத்தின் விமானி கண்டதும் ஒன்றல்ல. மேலிருந்து பார்க்கும்போது இயல்பாகத் தெரியும் சதுரங்கள், கீழே வந்தால் மங்கிய சாயமாகக் குழம்பும். இன்னொன்று கணினி ஓட்டும் விமானங்களைப் பற்றியது. அவற்றுக்குக் கண் கிடையாது, தூரமும் கோணமும் மட்டுமே உண்டு. மேகத்துக்கும் மரத்துக்கும் பின்னால் மறைந்தவரையும் அவை கண்டுபிடிக்கும் என்பது இத்துறையின் பழைய குறை. மனிதனுக்காக நட்ட காடு எதிராளிக்கு இல்லாமல் போனால், நிலம் பாதி உண்மையாகவே நிற்கிறது. பிற்காலத் திருத்தங்கள் இதைக் குறைத்திருக்கின்றன, தீர்த்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

மூன்றாம் நிலைப்பாடு: எழுதி வைத்த மிஷன்

நிலத்தைவிட நிகழ்ச்சியே உண்மையைத் தாங்குகிறது என்பவர்கள் மூன்றாம் தரப்பு. லாரன்ஸ் ஹாலண்டின் குழு லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் உருவாக்கிய 'பேட்டில்ஹாக்ஸ் 1942' (1988) இதற்கு நல்ல தொடக்கப் புள்ளி. பவளக் கடல், மிட்வே, கிழக்கு சாலமன், சான்டா க்ரூஸ் என்ற நான்கு விமானந்தாங்கிக் கப்பல் போர்களைத் தனித்தனி மிஷன்களாக அது பிரித்துத் தந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டன் வான்போர் பற்றி வந்த அதன் தொடர்ச்சி, பயனரே மிஷன் எழுதும் வசதியையும் கொடுத்தது. இன்றைய டிசிஎஸ் வேர்ல்ட் சிமுலேட்டர் வரை அந்த மரபு தொடர்கிறது.

மிஷன் எழுதுபவரின் கையில் இருப்பவை நான்கு: பிரிவுகள், வழிப்புள்ளிகள், நேரம், ட்ரிக்கர். "நம் விமானம் இந்த வட்டத்துக்குள் நுழைந்தால், அந்தப் பிரிவை உயிர்ப்பி" என்பது ட்ரிக்கரின் எளிய வடிவம். இங்கிலீஷ் கால்வாயின் நடுவே வட்டம் போட்டு வைக்கலாம். பயனர் அதைத் தொட்டதும் பிரெஞ்சுக் கரையில் ஜெர்மன் விமானங்கள் மேலெழும். வட்டம் கரைக்கு மிக அருகில் இருந்தால் வெறும் ஓடுபாதையில் விமானங்கள் சட்டென்று முளைப்பதைப் பயனர் நேரில் காண்பார். மிகத் தள்ளி இருந்தால் அவை உயரம் பிடித்து, பயனர் வருவதற்குள் எரிபொருள் தீர்ந்து திரும்பிவிடும். பயனர் வடக்கே ஐந்து மைல் விலகிப் பறந்தால் வட்டத்தைத் தொடவே மாட்டார். அவருக்குப் போரே நடக்காது. இதற்காக ஒரே சம்பவத்துக்கு மூன்று நான்கு மாற்றுப் பாதைகளை எழுதிச் சோதிப்பது கைதேர்ந்தவர்களின் வழக்கம். ஒரு மணி நேர மிஷனுக்குப் பின்னால் பல இரவுகளின் சோதனைப் பறப்பு இருக்கும்.

இந்த முறையின் வலிமை அழுத்தம். ஓர் எழுத்தாளர் கதையைத் தேர்வது போல, எந்தக் கணத்தைக் காட்டுவது என்று மிஷன் எழுதுபவர் தேர்கிறார். அதன் பலவீனமும் அதுவே. உண்மையான பறப்புகளில் பல, எதிரியைக் காணாமலே முடிந்தவை. எழுதிய மிஷனில் எதிரி தவறாமல் வருவார், ஏனெனில் வராவிட்டால் மிஷனுக்கு நோக்கமில்லை. நூற்றுக்கணக்கான விமானங்கள் வந்த 1940 செப்டம்பர் தாக்குதல்களைக் கணினியின் திறனுக்கு ஏற்ப முப்பது நாற்பதாகச் சுருக்குவதும் வழக்கம். எண்ணிக்கை சுருங்கும்போது போரின் தன்மையே மாறுகிறது. பெருங்கூட்டத்தின் நடுவே ஒருவருக்கு நேரும் திகைப்பை, எண்ணிப் பார்க்க முடிகிற எதிரிகளால் தர இயலாது.

நான்காம் நிலைப்பாடு: தானே நகரும் போர்

மிஷனை மனிதர் எழுதுவதை விட்டுவிட்டு, போரையே விதிகளாக எழுதினால் மிஷன்கள் தாமே பிறக்கும் என்பது நான்காம் தரப்பு. இதன் தொழில்நுட்ப உச்சமாக இன்றும் சுட்டப்படுவது, கொரியாவில் நடக்கும் கற்பனை நவீனப் போரை அமைத்த ஃபால்கன் 4.0 (1998). அங்கே பயனரைச் சுற்றி ஒரு குமிழி இருக்கிறது. குமிழிக்கு வெளியே படைகள் வெறும் எண்கள். மோதலின் முடிவு கணக்கில் தீர்கிறது. பயனர் நெருங்கியதும் அந்த எண்கள் விரிந்து தனித்தனி டாங்கிகளாகவும் விமானங்களாகவும் மாறுகின்றன. இரண்டாம் உலகப் போருக்கு இதே எண்ணத்தை வேறு விதமாகக் கொண்டுவந்தது ரோவன் நிறுவனத்தின் பிரிட்டன் வான்போர்ச் சிமுலேட்டர். அதில் பயனர் தளபதியாக இருந்து தாக்குதலைத் திட்டமிட்டு, விரும்பினால் ஒரு விமானியின் இருக்கைக்கும் தாவலாம்.

எதிர்பாராத தன்மையே இதன் பெரிய கொடை. எதிரி வரலாம், வராமலும் போகலாம். ஆனால் விதிகள் நடத்தும் போர் விரைவில் வரலாற்றிலிருந்து விலகும். மூன்றாம் வாரத்திலேயே நடக்காத போர் ஒன்று நடந்துகொண்டிருக்கும். பிறக்கும் மிஷன்கள் ஒன்றுபோல் ஆகிவிடும் என்ற சலிப்பும் உண்டு. விளையாட்டு வரலாற்றாய்வாளர் ஆடம் சாப்மன், 2016ஆம் ஆண்டு நூலில், கடந்தகாலத்தைக் கண்ணுக்குத் தெரிந்தபடி காட்டும் வகை என்றும், விதிகளால் விளக்கும் வகை என்றும் வரலாற்று விளையாட்டுகளைப் பிரித்தார். விமானச் சிமுலேட்டரின் நிலக்காட்சி முதல் வகையைச் சேர்ந்தது, தானே நகரும் போர் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே திரையில் சந்திக்கும்போது எது எதைத் திருத்துவது என்ற கேள்விக்கு ஒத்த கருத்து உருவாகவில்லை.

ஒரு காலை: கொழும்பு, 1942 ஏப்ரல் 5

நான்கு நிலைப்பாடுகளையும் ஒரே நிகழ்ச்சியில் வைத்துப் பார்த்தால் அவற்றின் எல்லைகள் தெளிவாகும். அந்த ஈஸ்டர் ஞாயிறு காலையில், அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முந்தைய நாள் லியோனர்ட் பர்ச்சல் ஓட்டிய கேட்டலினா விமானம் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிய பின்னரே சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தது. ஆக, எதிரி வருவது தெரியும். எந்த நேரம் என்பது தெரியாது.

முதலில் நிலம். இன்றைய செயற்கைக்கோள் படத்தை எடுத்தால், காலிமுகத் திடலுக்கு அருகே கடலைத் தூர்த்து எழுப்பிய துறைமுக நகரம் வந்துவிடும். 2000ஆம் ஆண்டின் உயரத் தரவில் அது இல்லை. ஒரே இடத்தைப் பற்றி இரண்டு தரவுகள் இரண்டு காலத்தைச் சொல்கின்றன. மலைநாட்டில் 1985இல் முடிந்த விக்டோரியா நீர்த்தேக்கத்தை நீக்கியாக வேண்டும். இவற்றைவிட முக்கியமானது, நகரின் நடுவே குதிரைப் பந்தயத் திடலில் அமைந்த ஓடுபாதை. 258ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிகேன்கள் அங்கிருந்துதான் மேலெழுந்தன. அந்தத் தளம் இருப்பது ஜப்பானியர்களுக்குத் தெரியாது. இன்றைய படத்தில் அந்த ஓடுபாதை இல்லை. அதை விட்டுவிட்டால் அந்தக் காலையின் ஒரு திருப்பமே காணாமல் போகும்.

அடுத்து நேரம். ஜப்பானியக் கடற்படை டோக்கியோ நேரத்தில் பதிவு எழுதியது, பிரிட்டிஷார் உள்ளூர் நேரத்தில் எழுதினார்கள். இரண்டையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவராமல் ஒரு வழிப்புள்ளியைக்கூட அமைக்க முடியாது. பிறகு எச்சரிக்கை. ரத்மலானையில் இருந்த 30ஆம் ஸ்குவாட்ரன், ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வந்த பிறகுதான் பதறி மேலெழுந்தது. ரேடார் எச்சரிக்கை ஏன் வந்து சேரவில்லை என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் ஒரே விளக்கம் தரவில்லை. மிஷன் எழுதுபவரோ ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ரேடாரை வரைபடத்தில் வைக்காமல் விடலாம், வைத்துவிட்டு வேலை செய்யாமல் நிறுத்தலாம், வேலை செய்தும் செய்தி போகாதபடி எழுதலாம். மூன்றும் பயனருக்கு ஒரே அனுபவத்தைத் தரும், ஆனால் மூன்றும் மூன்று வரலாறுகள்.

அதே காலையில் திருகோணமலை சீனக்குடாத் தளத்திலிருந்து டார்ப்பீடோக்களோடு வந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் இரட்டை இறக்கை விமானங்கள், எதுவும் அறியாமல் ஜப்பானியர் நடுவே பறந்துவந்து வீழ்ந்தன. எழுதி வைத்த மிஷனில் இதைத் துல்லியமாகக் காட்ட முடியும். ஆனால் ஒருமுறை விளையாடியவருக்கு அது தெரிந்துவிடும், அவர் காப்பாற்ற ஓடுவார். தானே நகரும் போரில் அந்தச் சந்திப்பு பெரும்பாலும் நிகழவே நிகழாது. வெற்றிக் கணக்கும் சிக்கலே. பிரிட்டிஷ் தரப்பு அன்று கோரிய வீழ்த்தல்கள், ஜப்பானியப் பதிவுகள் ஏற்கும் இழப்பைப்போல் இரு மடங்குக்கும் மேல். மிஷன் முடிந்ததும் திரையில் வரும் எண், விமானி அன்று நம்பியதைச் சொல்ல வேண்டுமா, பின்னாளில் ஆவணங்கள் சொன்னதையா?

நிலத்தில் இல்லாதவர்கள்

இதுவரை பார்த்த நிலைப்பாடுகள் அனைத்தும் ஒன்றை ஏறக்குறைய மறந்தே பேசுகின்றன: நிலத்தில் இருந்த மக்கள். ஐஎல்-2 மிஷன் கருவியில் ஓர் இலக்குக்கு, எத்தனை விழுக்காடு அழிந்தால் வெற்றி என்று நிர்ணயிக்கலாம். அங்கே எண்ணப்படுபவை கட்டடங்களும் வண்டிகளும். மோனே அணை உடைந்த வெள்ளத்தில், கீழே நேஹைம் ஊரில் முகாமில் அடைபட்டிருந்த கட்டாய உழைப்பாளர்கள், பெரும்பாலும் சோவியத் நாட்டுப் பெண்கள், நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். தாக்குதலின் மொத்தப் பலி ஆயிரத்து முந்நூறுக்கும் மேல். தாக்கச் சென்ற 133 விமானக் குழுவினரில் திரும்பாமல் இறந்தவர்கள் 53 பேர். சிமுலேட்டர் இரண்டாவது எண்ணை நினைவில் வைக்கும் விதத்தில் கட்டப்பட்டிருக்கிறது, முதலாவதை அல்ல.

இதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. விமானி அவர்களைக் காணவில்லை, ஆகவே விமானியின் கண் வழியாகச் சொல்லும் சிமுலேட்டரும் காட்டாது என்பது ஒன்று. பொதுமக்களின் சாவை விளையாட்டில் வரைவது அதைக் கேளிக்கையாக்கும், விடுவதே மரியாதை என்பது மற்றொன்று. இரண்டும் புறந்தள்ளக் கூடியவை அல்ல. ஆனால் முதல் விளக்கம், அளவு தவறாத நிலம் கேட்பவர்களிடமிருந்தும் வரும்போது பொருந்தவில்லை. விமானி காணாத வேலியையும் கொட்டகையையும் சரியாக வைப்பவர், முகாமை மட்டும் காணாததால் விட்டேன் என்று சொல்வது கடினம்.

சின்னங்களைப் பற்றிய விவாதமும் இங்கேயே சேரும். ஜெர்மனியின் சட்டத்தை ஒட்டிப் பல சிமுலேட்டர்கள் ஜெர்மன் விமானங்களின் வாலில் ஸ்வஸ்திகாவை நீக்கியே வெளிவந்தன. 2018இல் அந்நாட்டு மதிப்பீட்டு அமைப்பு, சூழலைப் பார்த்து விளையாட்டுகளிலும் அதை அனுமதிக்கலாம் என்று தளர்த்தியது. சின்னத்தை நீக்கினால் அந்த விமானம் எந்த ஆட்சிக்காகப் பறந்தது என்பதும் கூடவே மறைகிறது. வைத்தால் அதைக் கொண்டாடுவோருக்கும் இடம் கிடைக்கிறது.

போர் நிலத்துக்கு வெளியேயும் பரவுகிறது. 1942 ஏப்ரல் 6ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. மெட்ராஸில் அந்த மாதம் விழுந்தது அச்சம் மட்டுமே. மக்கள் கூட்டம் கூட்டமாக நகரைக் காலிசெய்தார்கள். அந்தக் குண்டுவீச்சுக்கு மூன்று நாள் கழித்து பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் 307 பேரோடு மூழ்கியது. கப்பலை உருவாக்கலாம், மூழ்கடிக்கலாம். காலியான ஒரு நகரத்தை எந்த மிஷன் கருவியிலும் இலக்காகக் குறிக்க வழியில்லை.

திறந்து நிற்பவை

மேற்கண்ட நிலைப்பாடுகளில் எதையும் தவறென்று ஒதுக்க முடியவில்லை. ஒவ்வொன்றும் ஒரு வகைப் பறப்புக்கு வலுவான விடையாக இருக்கிறது. ஏடர் பள்ளத்தாக்குக்கு அளவு தவறாத நிலம் வேண்டும். தாழப் பறந்து தாக்கும் ஐஎல்-2 விமானிக்குச் செறிவான தரை வேண்டும். ஸ்வார்ட்ஃபிஷ்களின் அழிவை எழுதி வைத்த மிஷனே சொல்லும். காத்திருப்பின் சோர்வைத் தானே நகரும் போர் சொல்லக்கூடும். தவறு நேர்வது பெரும்பாலும் ஒன்றின் அளவுகோலை மற்றொன்றின் மேல் வைக்கும்போதுதான்.

இருந்தாலும் ஓர் எச்சரிக்கையான முடிவைச் சொல்ல இடமுண்டு. நிலத்தின் உண்மையை மீட்டர் கணக்கில் அளக்கும் பழக்கம் கருவிகள் வளர வளர வலுத்திருக்கிறது. தேதியின் கணக்கில் அளக்கும் பழக்கம் அந்த அளவுக்கு வளரவில்லை. எந்த நாள், எந்த நேரம், அப்போது யாருக்கு எது தெரிந்திருந்தது என்பவை மிஷன் எழுதுபவரின் கேள்விகள். அவற்றை நிலம் செய்பவரும் தொடக்கத்திலேயே கேட்டால், இரண்டு வேலைகளுக்கும் இடையிலுள்ள பிளவு குறையக்கூடும்.

தீராத கேள்விகள் குறைந்தது மூன்று. முதலாவது, ஐயத்தைக் காட்டுவது எப்படி? நூலில் "தெளிவில்லை" என்று ஒரு வரி எழுதலாம். சிமுலேட்டரிலோ ரேடார் வேலை செய்யும் அல்லது செய்யாது. மிஷனுக்கு முந்தைய விளக்கக் குறிப்பில் ஐயத்தைச் சொல்வது சிலர் கையாளும் வழி. அது போதுமா என்பது தெரியவில்லை. இரண்டாவது, உலகம் முழுவதையும் செயற்கைக்கோள் படத்திலிருந்து தானே கட்டும் புதிய முறைகள் இன்றைய நிலத்தை வியப்பூட்டும் அளவில் தருகின்றன. அவை பழைய நிலத்தை மீட்க உதவுமா, அல்லது இன்றையதையே பழையதென்று நம்பவைக்குமா? மூன்றாவதும் கடினமானதும் மக்களைப் பற்றியது. அவர்களை வரையாமலே, அவர்கள் இருந்தார்கள் என்பதை நிலம் உணர்த்த முடியுமா? நேஹைமில் முகாம் நின்ற இடத்தைச் சரியாகக் குறித்து, மிஷன் முடிந்தபின் ஒரு வரியில் நடந்ததைச் சொல்வது சிறிய செயல்தான். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை, இடம் இருக்கிறது என்று முடிவெடுத்தால் போதும்.